பளிச்சென்ற மீனெல்லாம் ஆணல்ல

வண்ணம் தூக்கலாக, வால் நீண்டிருந்தால் ஆண். மங்கலாக, வயிறு பருத்திருந்தால் பெண். பினாங்குத் தீவின் கெலுகோரில் தொட்டியில் மீன் வளர்ப்பவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். கடைக்காரரும் இதையே சொல்லித்தான் சின்னக் குஞ்சுகளை 'ஜோடி' என்று பையில் கட்டித் தருகிறார்.

கப்பி மீனை வைத்து மற்ற மீன்களையெல்லாம் அளந்ததால் வந்த வினை இது. கப்பியில் ஆண்தான் வண்ணக்காரன். ஆனால் அங்கேயும் வண்ணத்தை முழுதாக நம்ப முடியாது; இன்றைய அலங்கார ரகங்களில் பெண்ணின் வாலிலும் நிறம் ஏறியிருக்கிறது. வயிற்றுக்குக் கீழுள்ள துடுப்பைப் பார்ப்பதே சரி. ஆணுக்கு அது ஒடுங்கிக் குச்சிபோல் நீளும். பெண்ணுக்கு விசிறியாகவே இருக்கும். ஏறத்தாழ ஒரு மாத வயதில் இந்த வேறுபாடு தெரியத் தொடங்கும்போதே பிரித்துவிட வேண்டும். ஒருமுறை இணைந்த பெண் ஆணின் விந்தைச் சேமித்து வைத்து, தனித்தொட்டியிலும் மாதக்கணக்கில் குஞ்சு போடும்.

ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் மீனில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. உருவத்தில் ஆண் பெரியது. ஆனால் முட்டையிடும் பருவத்தில் செர்ரிப் பழமாய்ச் சிவந்து கண்ணைப் பறிப்பது பெண்ணின் வயிறு. பளிச்சென்றதை ஆண் என்று வாங்கினால் இங்கே ஏமாற்றம்தான்.

முட்டையையும் குஞ்சையும் வாயில் சுமப்பது தாய் என்பது அடுத்த நம்பிக்கை. இதைப் பினாங்கின் சொந்த மீனே மறுக்கிறது. 'பினாங்கு பெட்டா' எனப்படும் பெட்டா புக்னாக்ஸ் மலையோடைகளின் ஓரங்களில் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய டேனிஷ் மருத்துவர் தியோடர் கேன்டர், பினாங்கில் கிடைத்த மீனைக் கொண்டு 1849இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இணைசேரும்போது ஆண் உடலை வளைத்துப் பெண்ணை அணைக்க, முட்டைகள் ஆணின் கீழ்த்துடுப்பில் வந்து தங்கும். பெண் அவற்றை வாயால் பொறுக்கி ஆணின் முகத்துக்கு எதிரே உமிழும், ஆண் கவ்விக்கொள்ளும். பெண்ணின் வாயில் முட்டையைக் கண்டவர் அதைத் தாயின் அடைகாப்பு என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அடுத்த இரண்டு வாரம்போல் வாய் நிறைய முட்டையோடு ஒதுங்கிக் கிடப்பது தகப்பன்தான். அகன்ற தலையும் செவுள்மூடியின் பச்சைப் பளபளப்பும் ஆணைக் காட்டும், ஆனால் வளர்ந்த பிறகுதான்.

கெலுகோரில் கரையேறும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி, தெற்கே பேராக் பக்கம் போனால் புக்கிட் மேரா ஏரி. அங்கே பெயர்பெற்ற கெலிசா, அதாவது அரோவனா, இன்னும் அழுத்தமான சான்று. அதிலும் வாயில் சுமப்பது ஆணே. பெரிதான பின்பும் வெளித்தோற்றத்தில் ஆண், பெண் பிரிப்பது கடினம் என்பதால், பண்ணைகளில் குளத்தில் கூட்டமாக விட்டு அவையே இணைதேட விட்டுவிடுகிறார்கள்.

முட்டையிட்டுவிட்டது, ஆகவே இது ஜோடிதான் என்ற வாதத்துக்கு டிஸ்கஸ் பதில் சொல்லும். 'பினாங்கு எரப்ஷன்' என்று ஒரு ரகத்துக்கே பெயர் வரும் அளவுக்கு இத்தீவு இந்த மீனுக்குப் பேர்போனது. டிஸ்கஸில் இரண்டு பெண்கள் இணைந்து, முட்டையிடுவதற்காகத் தொட்டியில் வைத்த கூம்பைத் துடைத்து, முட்டையிட்டுக் காவலும் காக்கும். முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்த பிறகுதான் சந்தேகமே எழும். (தண்ணீர் கடினமாக இருந்தாலும் முட்டை வெளுக்கும்; உடனே மீனைக் குறை சொல்ல வேண்டாம்.) குஞ்சுக்கு ஊட்டுவதை வைத்தும் தாயைக் கண்டுபிடிக்க முடியாது. தாய், தந்தை இரண்டின் தோலிலும் சுரக்கும் கோழையைத்தான் குஞ்சுகள் மேயும். நம்பத்தக்க அடையாளம் முட்டையிடும் வேளையில் அடிவயிற்றில் துருத்தும் சிறு குழல்: பெண்ணுக்குத் தடித்து மழுங்கியது, ஆணுக்கு மெலிந்து கூரியது.

ஒருமுறை ஆண் என்றால் என்றென்றும் ஆண் என்பதும் எல்லா மீனுக்கும் பொருந்தாது. கோமாளி மீன் குழுவில் உருவத்தில் பெரியதே பெண். அது இறந்துபோனால் அதன் இணையான ஆண் பெண்ணாக மாறும். ஹான்ஸ் ஃபிரிக்கே குழுவின் ஆய்வு 1977இல் 'நேச்சர்' இதழில் இதை விவரித்தது. பினாங்கு அடுப்படிக்குப் பழக்கமான சியாக்காப், தமிழ்நாட்டின் கொடுவா, ஆணாகத் தொடங்கிப் பின்னர் பெண்ணாவது. களவா மீனில் பெண் ஆணாகும்.

ஆகவே இரண்டங்குல டிஸ்கஸ் குஞ்சைக் காட்டி 'இது ஆண், இது பெண்' என்று யார் சொன்னாலும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆறேழு குஞ்சுகளை ஒரே தொட்டியில் ஓராண்டுபோல் வளர்த்தால், தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும் இரண்டு மீன்கள் தாமாகவே தெரியவரும். குழலைப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.