அட்டையை வாசிப்பது யாருடைய மனம்?

தேவசித்தத்தை அறிவது எப்படி என்று வாலிபருக்கு வழிகாட்டிப் போதகர் ஒருவர் எழுதிய கட்டுரை எங்கள் சபை வட்டாரத்தில் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. அவர் சொல்வது இதுதான்: மனுஷனுடைய மனம் பாவத்தில் விழுந்த மனம், அதைக்கொண்டு யோசித்து முடிவெடுப்பது மாம்சம். ஆகவே படிப்போ வேலையோ கல்யாணமோ, ஆண்டவரிடம் ஓர் அடையாளம் கேள். வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்திருப்பார்கள், அதில் ஒன்றை எடு. அபிஷேகம் பெற்ற ஊழியக்காரர் வாயிலிருந்து வார்த்தை வரும்வரை காத்திரு. வந்தபின் ஆராயாதே, ஆராய்வது அவிசுவாசம். இவ்வளவையும் எழுதிவிட்டுத் தலைப்புக்குக் கீழே ரோமர் 12:2 என்று போட்டிருக்கிறார். தன் வாதத்தை அடியோடு மறுக்கிற வசனத்தையே தனக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்.

பவுல் அங்கே ஒரு வரிசை வைக்கிறார். மனம் புதிதாக வேண்டும். அதனால் ஆள் மறுரூபமாக வேண்டும். அப்படி மாறிக்கொண்டிருக்கிறவனுக்கே சித்தம் இன்னதென்று பகுத்தறியும் திறன் வரும். மறுரூபம் என்பதற்கு அவர் கையாளும் கிரேக்க வினை, மலையின்மேல் இயேசுவின் தோற்றம் மாறியதைச் சொல்ல மத்தேயுவும் மாற்குவும் எடுத்த அதே வினை. பகுத்தறிவதற்கான வினையோ உலோகத்தையும் நாணயத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கு வழங்கியது. எங்கள் கடைத்தெருப் பத்தர் நகையை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார்; அந்தக் கோட்டை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்; மாற்று சொல்லிவிடுவார். நாற்பது வருஷம் பட்டறையில் உட்கார்ந்து பழகிய கண் அது. பவுல் கேட்பது அந்தக் கண்ணை. போதகரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கைவிடச் சொல்கிறார்.

விழுந்த மனத்தை நம்பாதே என்கிறார். சரி. அட்டையை வாசிப்பது யாருடைய மனம்? பயணத்தைப் பற்றிய வசனம் வந்தால் அது துபாய் வேலைக்கா, மதுரை மாற்றலுக்கா என்று முடிவு செய்வது எது? அதே மனம்தான். ஊழியக்காரர் சொன்ன வார்த்தைக்குப் பொருள் கட்டுவதும் அதுதான். மனம் மாறாதவன் கையில் எந்த அடையாளமும் அவன் ஏற்கெனவே ஆசைப்பட்டதையே சொல்லும். மனத்துக்குத் தப்பி ஓட இவர் காட்டும் வழி, திரும்ப அந்த மனத்தின் வாசலிலேயே கொண்டுவந்து விடுகிறது.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிசம்பர் 31, வாட்ச் நைட் ஆராதனை. எவர்சில்வர் தட்டில் அட்டைகள் வந்தன. அவள் எடுத்ததில் தூரதேசம் போவதைப் பற்றிய வசனம். அதே மாதம்தான் வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு வரன் வந்திருந்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியக்காரர் கையைத் தலையில் வைத்து, இது கர்த்தரால் ஆனது என்றார். மாமா மட்டும், “ஒரு எட்டு போய் விசாரிச்சுட்டு வந்துடலாமே” என்றார். “ஆண்டவர் சொன்னப்புறம் விசாரிக்கிறதா?” என்று அப்பா அதட்டிவிட்டார். மாப்பிள்ளையின் குடி அவருடைய தெருவுக்கே தெரிந்த விஷயம். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

போதகர், அடையாளம் கேட்டுக் கிதியோன் விரித்த தோலைக் காட்டுகிறார். நியாயாதிபதிகள் 6-ஐ முழுதாக வாசித்தால், கிதியோன் தோலை விரிப்பதற்கு முன்பே கட்டளை தெளிவாக வந்துவிட்டது. அவன் சித்தத்தை அறியக் கேட்கவில்லை; அறிந்ததைச் செய்யத் தைரியமில்லாமல் கேட்டான், அதையும் கோபிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டான். யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். ஆவியானவர் இறங்கிய பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு சீட்டும் போடப்படவில்லை. 15-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடி வாதாடுகிறார்கள், கேட்கிறார்கள், முடிவுக்கு வருகிறார்கள். அதை ஆவியானவருடைய முடிவாகவும் எழுதி அனுப்புகிறார்கள்.

அடுத்து அகஸ்டினைக் காட்டுகிறார். 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் புத்தகத்தைத் திறந்து கண்ணில் பட்டதை வாசித்தார் என்பது உண்மை. ஆனால் அவர் வாசித்தது எது? ரோமர் 13-இன் கடைசி வசனங்கள். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டுக் கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் பகுதி. எந்த வேலைக்குப் போகலாம் என்று அந்தப் பக்கம் அவருக்குச் சொல்லவில்லை. நீ மாறு என்றது. உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்து குறி பார்க்கும் வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்று பின்னாளில் கடிதமும் எழுதினார். போதகர் அவரைத் தன் பக்கம் இழுப்பது நேர்மையல்ல.

தீர்க்கதரிசன வார்த்தைக்குப் பின் கேள்வி கூடாதாம். செசரியாவில் தீர்க்கதரிசி அகபு பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, எருசலேமில் நடக்கப்போவதைச் சொன்னான். சொன்னது பொய்யல்ல. போகாதே என்று எல்லாரும் அழுதார்கள். பவுல் போனார். அவருடைய மனம் எந்தத் திசையில் புதிதாகியிருந்தது என்பதை அந்தப் பயணம் காட்டுகிறது.

பவுலைப் போலவே ஆபத்தை நோக்கிப் போனவர் இன்னொருவர். ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர், 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாக வந்து இறங்கியும் நிலைகொள்ளாமல் தவித்தார். ஜூன் 20-ஆம் தேதி அங்கே தரப்பட்ட வேலையை மறுத்தார்; குளிர்காலத்துக்கு முன் வந்து சேர் என்ற பவுலின் அழைப்பு அன்றாட வாசிப்பில் அவரைத் தைத்தது அதற்குப் பிறகு, 26-ஆம் தேதி. ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியில் மாணவர்களோடு வேதத்திலும் ஜெபத்திலும் வருஷக்கணக்கில் உருவான மனம் அது. ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் நாஜி வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். வாசல் திறந்தால் சித்தம், அடைத்தால் சித்தமில்லை என்கிற போதகரின் கணக்கில், நியூயார்க்கில் திறந்த வாசலை விட்டுப் போன போன்ஹோஃபர் தவறிப்போனவர்.

தேவசித்தத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:3 பரிசுத்தமாகுதலே சித்தம் என்று நேராகச் சொல்கிறது. எந்தப் பெண் என்று அறிய அட்டை எடுக்கிற எந்த மாப்பிள்ளையும், வரதட்சணை வாங்கலாமா என்று அறிய அட்டை எடுத்து நான் பார்த்ததில்லை. போதகரின் கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கேள்விக்கு ஆள் மாற வேண்டும். அட்டை எடுப்பதற்கு எதுவும் மாற வேண்டியதில்லை.

அக்கா திரும்பி வந்த வாரம் அதே ஊழியக்காரர் வீட்டுக்கு வந்தார். வார்த்தை சரியானதுதான், இவளுடைய விசுவாசம்தான் குறைவு என்றார். போதகர் எனக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் முதலில் இதற்கு எழுதட்டும்: அந்தக் குறைவு, தலையில் கைவைத்து ஜெபித்த அன்று அந்த ஊழியக்காரர் கண்ணில் ஏன் படவில்லை?