பின் இருக்கையில் வாப்பா

நோர்வூட்டிலிருந்து நாம் எதற்காகக் கொழும்புக்குப் போகிறோம்? ஆஸ்பத்திரிக்கு, இல்லையேல் வெளிநாடு போகும் பிள்ளையை வழியனுப்ப. வேலை முடிந்ததும் ஊர் திரும்பவே அவசரப்படுகிறோம்.

என் வாப்பா தோட்டத் துரையின் காரை முப்பது வருடம் ஓட்டியவர். கொழும்புப் பாதைகள் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் பாதையை மட்டும்தான்.

போன மாதம் உறவினர் ஒருவரின் பழைய மொரிஸ் மைனரில் அவரைப் பின் இருக்கையில் அமர்த்தி, இஷா தொழுதபின் புறப்பட்டோம். 1948இல் பிரித்தானியாவில் அறிமுகமான ரகம் அது. மெதுவாகத்தான் போகும்; ஊர் பார்க்க அந்த வேகமே தோது.

புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிந்த சம்மாங்கோட்டுப் பள்ளி, சிவப்பும் வெள்ளையுமாக நின்றது. கோட்டையில் 1857ஆம் ஆண்டு மணிக்கூட்டுக் கோபுரம். பின்னாளில் அதுவே கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அப்பால் 1930இல் திறந்த பழைய பாராளுமன்றம், காலிமுகத்திடல், கடல். தூரத்தில் 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம்.

வளைவுகளில் வாப்பாவின் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. காலிமுகத்திடலில்தான் அது ஓய்ந்தது.

"இத்தனை தரம் வந்தும் இதையெல்லாம் பார்க்கல்லியே, மகள்" என்றார்.

உங்கள் வீட்டிலும் பிறருக்காக ஓடியே களைத்த ஒருவர் இருப்பார். அடுத்த முறை ஓர் இரவு தங்குங்கள். பழைய கார் இல்லையென்றால் முச்சக்கர வண்டி போதும். அவரைப் பின்னால் உட்காரவையுங்கள். நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.