கப்பைக் கருக்கினால் போதுமா?

இடம்பெயர்ந்த இடத்தில் கொட்டில் போடும் குடும்பங்களும், சொந்த வளவுக்குத் திரும்பி வேலி அடைக்கும் குடும்பங்களும் முதலில் தேடுவது மரத்தையே. கப்பின் அடியை நெருப்பில் கருக்கி நடுவது பழைய வழக்கம். அதை மட்டும் நம்பி இருந்துவிடலாமா? கூடாது என்பதே எமது கருத்து.

நட்ட மரம் பெரும்பாலும் நிலமட்டத்திலேயே உக்குகிறது. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் அவ்விடத்தில் பங்கசு செழிக்கிறது. கரி உக்காது என்பது உண்மை. ஆனால் அது வெறும் மேற்தோல். மரம் காய்ந்து வெடிக்கும்போது, வெடிப்பினூடாக ஈரமும் பங்கசும் உள்ளே செல்கின்றன.

கருக்குவதும் வெப்பத்தால் பதப்படுத்துவதும் ஒன்றல்ல. பின்லாந்தில் 1990களில் வளர்ந்த முறையில், மரத்தை எரியவிடாது நீராவியினுள் ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அதன்பின் மரம் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும், எளிதில் உக்காது. ஆனால் வலு குறையும். அந்த மரமும் மண்ணில் நடுவதற்கு உகந்ததல்ல, கறையானுக்கும் தப்பாது.

ஆகவே, வைரம் பாய்ந்த மரத்தையே தெரிவோம். வீட்டுக் கப்பை மண்ணில் புதைக்காது, சீமெந்துக் கட்டின்மேல் நிறுத்தி இரும்பால் பிணைப்போம். வேலிக்குப் பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால்களை நடுவோம். உயிருள்ள கதியால் வேரூன்றித் தழைக்கும். வயலுக்குக் குழையும் தரும்.

வீட்டுதவி வழங்குவோர் மரத்தோடு அடிக்கட்டுக்குச் சீமெந்தையும் தரவேண்டும். அதனைக் கேட்க நாம் தயங்கலாகாது. திரும்பத் திரும்ப வீடு கட்ட எம்மிடம் மரமும் இல்லை, தெம்பும் இல்லை.