கரிக்கோடு

குழாயில் வருகிற தண்ணீருக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க வேண்டுமாம். அளந்து, காசு வாங்கிக் கொடுத்தால்தான் ஜனங்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியுமாம். திட்டம் போடுகிறவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் இதைத்தான் சொல்கிறார்கள். முதுகுளத்தூர்க்காரி காதுபட இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி ஐயா மனசு வந்தது?

உத்தியோகத்தில் தப்புச் செய்தவனைத் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் ஊர்தான். உங்களுக்குத் தண்டனையாகத் தெரிகிற இடத்தில் நாங்கள் பிறந்தோம், வாக்கப்பட்டோம், பிள்ளை பெற்றோம். எங்களுக்கா தண்ணீரின் அருமை தெரியாது?

எங்கள் வீட்டுக் கிணற்றில் இருப்பது சவர்த் தண்ணீர். அதில் துவரம்பருப்பைப் போட்டால் விறகு தீர்ந்தாலும் தீரும், பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. ஆகவே தள்ளுவண்டி. இரும்புச் சட்டத்தில் வளையம் வளையமாக வைத்து, குடம் ஆடாமல் உட்காருகிற மாதிரி செய்த வண்டி. வாசலில் சைக்கிள் இல்லாத வீடு உண்டு, அந்த வண்டி இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. எட்டுக் குடம் நிறைத்து மேட்டில் தள்ளும்போது முழங்கை நடுங்கும். ஒரு குடம் சரிந்தால் பக்கத்தில் வருகிற மதினி ஓடிவந்து தூக்குவாள். தரையில் கொட்டின தண்ணீரை ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்த நிற்றலை எந்த மீட்டரில் ஐயா ஏற்றுவீர்கள்?

குழாய் வராத நாட்களில் டிராக்டர்த் தண்ணீர். எங்கள் தெருவில் குடம் பத்து ரூபாய், சித்திரையில் இன்னும் ஏறும். குடத்துக்கு 15 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போடுங்கள், ஆயிரம் லிட்டருக்கு 660 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கருவேல முள் வெட்டிக் கரிமூட்டம் போட்டுச் சம்பாதிக்கிற வீட்டிலிருந்து இந்தக் காசு போகிறது. நாங்கள் ஓசியில் குடிக்கிறோம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

2008-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் ஒரு கையேடு போட்டது. நகரத்துத் தண்ணீர் விநியோகம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் ஒன்பது அளவுகோல் வைத்திருக்கிறார்கள். என் மகள் போனில் எடுத்து எனக்குப் படித்துக் காட்டினாள். எல்லா வீட்டுக்கும் குழாய். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். நாள் முழுக்க, 24 மணி நேரமும் தண்ணீர். வழியில் வீணாவது 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தரம் நூற்றுக்கு நூறு. இவற்றோடு ஒன்றாகத்தான் மீட்டரும் 100 சதவீதம் என்று எழுதியிருக்கிறது. அவள் படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பதில் எங்களிடமிருந்து வாங்குவதற்கான மீட்டர் மட்டும் உங்கள் ஞாபகத்தில் இருக்கிறது. எங்களுக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் எப்படி மறந்துபோனது?

அந்த 24 மணி நேரம் சும்மா எழுதி வைத்ததில்லை. என் தங்கச்சி வாக்கப்பட்ட ஊரில் வீடுகளுக்கு மீட்டர் மாட்டினார்கள். போன வருஷம் போயிருந்தபோது விடியற்காலையில் குடத்தை வைத்துக் குந்தியிருந்தோம். எங்கேயோ வால்வைத் திறந்தார்கள். குழாய் முதலில் இருமியது. பிறகு "புஸ்"ஸென்று காற்று. குடத்தில் சொட்டு விழவில்லை, மீட்டருக்குள் இருந்த சின்னச் சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. கடைசி எண் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "அக்கா, இதுக்கும் சேத்துத்தான் பில்லு" என்றாள் தங்கச்சி. விட்டு விட்டுத் தண்ணீர் விடும்போது காலிக் குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். வால்வு திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். சக்கரத்துக்குத் தன்னைச் சுற்றுவது காற்றா தண்ணீரா என்று தெரியாது. இது இன்ஜினியர் படித்தவர்கள் எல்லாரும் அறிந்த விஷயம். குழாய் எப்போதும் நிறைந்திருந்தால்தான் அந்தக் கருவி உண்மை பேசும். நாலு நாளைக்கு ஒருதரம் அரை மணி நேரம் திறந்துவிட்டு, காற்றுக்கும் காசு கேட்பீர்களா?

அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழாயிலேயே மோட்டாரைப் போட்டு உறிஞ்சி மாடித் தொட்டியை நிரப்புகிறவன் வீட்டில் முதலில் மாட்டுங்கள், நானே வந்து விளக்குப் பிடிக்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால் அளக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறது 616 கோடி ரூபாய்க் கூட்டுக் குடிநீர்க் குழாய். அங்கே ஏற்றுவது எவ்வளவு, எங்கள் மேல்நிலைத் தொட்டியில் விழுவது எவ்வளவு? ரோட்டோரத்தில் ஏர் வால்வு கசிகிற இடமெல்லாம் பெண்கள் தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவதைக் காரில் போகிறவர்களும் பார்த்திருப்பார்கள். 2012 தேசிய நீர்க் கொள்கையே சொல்கிறது, நகரக் குடிநீர் அமைப்புகள் தங்கள் தண்ணீர்க் கணக்கை, கசிவையும் திருட்டையும் சேர்த்து, வெளியிட வேண்டும் என்று. அந்தக் கணக்கை எங்கள் தெருமுனையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எழுதின மறுநாள் என் வீட்டில் மீட்டர் மாட்ட வாருங்கள். கதவைத் திறந்து வைக்கிறேன்.

அப்படியும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சொவேட்டோவின் ஃபிரி என்ற பகுதியில், முன்கூட்டியே காசு கட்டுகிற மீட்டரை மாட்டினார்கள். வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம், அது தீர்ந்தால் குழாய் தானாக மூடிக்கொள்ளும். ஒரு குடும்பத்தில் எத்தனை வாய் என்று அந்தக் கருவி கேட்கவில்லை. லிண்டிவே மசிபுக்கோ என்ற பெண்ணும் இன்னும் நாலு பேரும் வழக்குப் போட்டார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறுவருஷம் அரசியல் சாசன நீதிமன்றம் மீட்டர் செல்லும் என்று சொல்லிவிட்டது. கண்காணாத தேசத்து ஜனங்கள்தான். அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டு நிலைக்காலில் ஒரு மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. டிராக்டர்க்காரரிடம் கடனுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது அம்மா அதில் கரியால் கோடு போடுவாள். குடத்துக்கு ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. மாதம் முடிந்து கடன் அடைந்ததும் ஈரத்துணியால் துடைப்பாள். எத்தனை துடைத்தும் மரத்தில் கறுப்பு ஏறிக் கிடக்கிறது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது நான் போடுகிறேன். அளவெடுக்க ஆள் அனுப்பும்போது அவரிடம் சொல்லி அனுப்புங்கள். முதலில் அந்த நிலைக்காலுக்கு முன்னால் நின்று, இந்த மாதத்துக் கோடுகளை எண்ணி, தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.