ஒரு மணித்தியாலத் தூரம்

பலாலியிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். பலாலியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 290. அதாவது யாழ்ப்பாணத்தில இருக்கிற எங்களுக்கு, எங்கட நாட்டின் பெரிய விமான நிலையத்தை விடத் திருச்சிதான் கிட்ட. இந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்ததே 2025 மார்ச் கடைசியில் திருச்சி–யாழ்ப்பாணம் நேரடி விமானம் தொடங்கின பிறகுதான். பறக்கிற நேரம் சுமார் ஒரு மணித்தியாலம்.

முந்தியெண்டா இரவு பஸ்ஸில நித்திரை முழிச்சு கட்டுநாயக்கா போய், அங்க மூண்டு மணித்தியாலம் காத்திருந்து, பிறகு வந்த வழிக்கே வடக்கால பறக்கவேணும். அரை நாளுக்கு மேல போயிடும்.

இது புதுப் பாதையும் இல்லை. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் போனதே யாழ்ப்பாணத்தில இறங்கித்தான். பிறகு யுத்தம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவோட நிண்டது. 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. இவ்வளவுக்கும் இடையில கடலின் அகலம் ஒரு அடியும் கூடிக் குறையேல்லை. கூடிக் குறைஞ்சதெல்லாம் நேரம்தான்.

அதனால, 'ஒரு மணித்தியாலம்' எண்டு விளம்பரத்தில பார்க்கேக்க எங்களுக்குச் சந்தோசத்தோட ஒரு கேள்வியும் வருது: ஆருக்கு ஒரு மணித்தியாலம்?

எங்களோட படிக்கிற ஒருத்தியின்ர அம்மம்மாவின் ஊர் பலாலிக்குப் பக்கத்தில. 1990இல் இடம்பெயர்ந்த குடும்பம். அம்மம்மாவின் தங்கச்சி அப்பவே வள்ளத்தில ஏறி இந்தியா போனவ. கடவுச்சீட்டு, விசா எண்டு மாதக்கணக்கா அலைஞ்சு, இந்த விமானத்தில வந்து இறங்கினவ. இறங்கின இடத்திலிருந்து அவை பிறந்த வளவு நடந்துபோற தூரம். ஆனா அது இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள. அக்காவும் தங்கச்சியும் வளவைப் பார்க்காமலே வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்திச்சினம். திருச்சியிலிருந்து ஒரு மணித்தியாலம். பலாலியிலிருந்து சொந்த வீட்டுக்கு முப்பத்தைந்து வருசம், இன்னும் முடியேல்லை.

நாங்கள் விமான நிலையத்துக்கு எதிரில்லை. அது வேணும், பெருக்கவும் வேணும். வருத்தக்காரருக்கும், படிக்கப் போறவைக்கும், பிரிஞ்சிருக்கிற சொந்தங்களுக்கும் அது எவ்வளவு பெரிய உதவியெண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா 'விமான நிலைய அபிவிருத்தி' எண்ட சொல், சனத்தின் காணியைத் தொடர்ந்து பூட்டி வைக்கிற இன்னொரு பூட்டாக மாறக்கூடாது. ஓடுபாதைக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு நிலம் தேவையெண்டு அரசு வரைபடத்தோட வெளிப்படையாச் சொல்லட்டும். அந்த நிலத்துக்கு நியாயமான இழப்பீடு குடுக்கட்டும். மிச்சத்தைச் சொந்தக்காரரிட்டத் திருப்பிக் குடுக்கட்டும்.

அடுத்தமுறை பலாலியில இறங்குறவை ஜன்னலால ஒருக்கால் கீழ பாருங்கோ. ஓடுபாதைக்கு அங்கால தெரியிற பற்றைக்குள்ள கிணறுகளும் இருக்கு, வீட்டு அத்திவாரங்களும் இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் தூரம் அளக்கவேணும்.