விலைக்குப் போன மகள்கள்

கிதகாவா உதமாரோ என்றதும் கலை ரசிகர்கள் உருகிவிடுகிறார்கள். பெண்ணின் அகத்தைக் கண்டவராம். யாருடைய அகம்? 1793 வாக்கில் வந்த ‘இன்றைய மூன்று அழகிகள்’ என்னும் மர அச்சு ஓவியத்தைப் பாருங்கள். ஒரு கெய்ஷா, ஒரு தேநீர்க்கடைப் பெண், அரிசி பிஸ்கட் கடைக்காரரின் மகள். மூவருக்கும் ஏறத்தாழ ஒரே முகம்தான்: கீற்றுக் கண், நீண்ட மூக்கு, மொட்டு வாய். யார் எவரென்று அறிய உடையிலுள்ள சின்னத்தைத் தேட வேண்டும். (நுட்பமான வேறுபாடுகள் உண்டு என்பார்கள். உண்டுதான், மயிரிழையளவு.)

இவர்களாவது கடைத்தெருவில் நடமாடியவர்கள். அழகிகள் ஓவியங்களில் மிகப் பல யோஷிவாராவைப் பற்றியவை. எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரசு உரிமம் பெற்றிருந்த பாலியல் தொழில் பகுதி அது. 1657 தீவிபத்துக்குப் பின் அசகுசாவுக்கு வடக்கே மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, ஒரே பெரிய வாசல். பலர் சிறுமிகளாகவே, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உள்ளே வந்தவர்கள். பட்டும் படுக்கையும் அவள் கணக்கில் கடனாக ஏறும். நாம் வியக்கும் அந்தக் கிமோனோ அவளுடைய கடன் பத்திரம்.

இவர்களைக் ‘கணிகையர்’ என்று எழுதினால் நமக்குக் கௌரவமாக இருக்கிறது. ‘விலைமகள்’ என்றால் முகம் சுளிக்கிறோம். எனக்கு இரண்டாவது சொல்தான் வேண்டும். தன்னை விற்பவள் என்று வழக்கு பழியை அவள்மேல் போடுகிறது. யோஷிவாராவிலோ அது எழுத்துக்கு எழுத்து உண்மை. விலைக்குப் போன மகள். விற்றது யார், வாங்கியது யார் என்ற கேள்வி தானாக வரும்.

உதமாரோவின் பதிப்பாளர் ட்சுதயா ஜூசபுரோ, யோஷிவாரா வாசலருகே கடை வைத்து, அங்குள்ள பெண்களைப் பட்டியலிடும் கையேட்டை விற்றுத் தலையெடுத்தவர். கையேடும் ஓவியமும் ஒரே கடைச் சரக்கு. இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ‘யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகள்’ வரிசையில் ஒருத்தி, கிளம்பும் வாடிக்கையாளனுக்கு மேலங்கியை எடுத்து நிற்கிறாள். அவன் படத்தில் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டுதான் நாம் நளினத்தை ரசிக்கிறோம்.

ஹொகுசாயின் மகள் ஓயியும் யோஷிவாராவை வரைந்தார், அச்சாக அல்ல, தூரிகையால். இரவு. மரச்சட்டங்களுக்கு உள்ளே விளக்கொளியில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே இருட்டில், பார்க்க வந்த கூட்டம். முகங்கள் சரியாகத் தெரியாது. சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. தன் பெயரின் எழுத்துகளை அவர் மூன்று விளக்குகளில் ஒளித்து வைத்திருக்கிறார்.