கடைசிப் பேருந்தும் கலை மன்றமும்

கல்லூரி வாழ்க்கை என்றதும் வகுப்பறையும் தேர்வுத் தாளும் மட்டுமா நம் நினைவுக்கு வருகின்றன? முத்தமிழ் விழா, நாடக மேடை, பட்டிமன்றம், பந்தாட்டக் களம் ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. கலையும் விளையாட்டும் மாணவர்க்கு வேண்டும் என்று நான் புதிதாக எழுதத் தேவையில்லை. ஆண்டு மலர்களில் யாரேனும் ஒருவர் அதை எழுதியே வருகிறார், மறுப்பாரும் இலர். நான் கேட்க விரும்பும் வினா வேறு. வேண்டும் வேண்டும் என்கிறோமே, இவை யாருக்குக் கிடைக்கின்றன?

சென்ற ஆண்டு எங்கள் துறையின் சார்பில் ஒரு நாடகம் போட முனைந்தோம். தலைமைப் பாத்திரத்துக்கு ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்தோம். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. ஒருமுறை படித்தால் போதும், வசனம் மனத்தில் நின்றுவிடும். மூன்றாம் நாள் ஒத்திகையின் நடுவில் அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாலே காலுக்கு பஸ் அண்ணா. அதை விட்டா ஆறரைக்குத்தான். இறங்கி இருட்டுல ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். அப்பா வேண்டாம்னுட்டார்" என்றார். மறுநாளே அந்தப் பாத்திரம் விடுதி மாணவி ஒருவருக்குப் போயிற்று. நாடகம் நன்றாகவே நடந்தது, பரிசும் பெற்றது. விழாவன்று அந்தப் பெண் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கைதட்டிக் கொண்டிருந்தார், நாலு மணி வரை.

இது ஒருவர் கதையன்று. அரசு கலைக் கல்லூரிகளுக்கு வருவோரில் மிகப் பலர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மாணவர்களில் சிலர் மாலையில் ஜவுளிக் கடைக்கும் பட்டறைக்கும் வேலைக்குச் செல்கின்றனர். 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2022இல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கலாயிற்று. படிப்பின் வாயில் அகலத் திறந்தது, மகிழ்ச்சி. ஆனால் மன்றத்தின் வாயிலோ மாலை மணி அடித்த பிறகுதானே திறக்கிறது! அப்போது அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் அன்றோ நிற்கிறார்கள்!

விளையாட்டின் நிலையும் இதுவே. களத்தில் இறங்க ஒரு கபடி அணிக்கு 7 பேர், கைப்பந்துக்கு 6 பேர், கால்பந்துக்கு 11 பேர், கிரிக்கெட்டுக்கு 11 பேர். கூட்டினால் 35. ஈராயிரம் பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் இந்த 35 பேர் ஆடினால் போதுமா? ஏனையோர் கைதட்டவும் விடுமுறை கிடைக்குமா என்று பார்க்கவும் மட்டும்தானா? சேர்க்கையின்போது செலுத்தும் கட்டணத்தில் விளையாட்டுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதை எல்லோரும்தான் கட்டுகிறோம்.

இதனால் இழப்பது பொழுதுபோக்கை மட்டுமன்று. பட்டிமண்டபம் என்னும் சொல்லை மணிமேகலையிலேயே காண்கிறோம். கற்றவர் கூடி, எதிர்த்தரப்பைக் கேட்டு, விடை சொல்லும் மரபு நம்முடையது. வகுப்பில் பேர் சொல்லி அழைத்தாலே நடுங்கும் மாணவர், நான்கு முறை மேடையேறினால் நேர்முகத் தேர்வில் தலை நிமிர்ந்து அமர்வார். அந்த நான்கு வாய்ப்பு யாருக்கு மிகுதியும் தேவையோ அவருக்குத்தான் அது கிட்டாமல் போகிறது. ஊர்ப் பொட்டலில் ஆடிய சடுகுடுதான் கபடியாகி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம் பெற்றது. பெண்கள் கபடி 2010இல் குவாங்சோவில் சேர்ந்தது. இரண்டிலும் தங்கம் இந்தியாவுக்கே. பொட்டலில் ஆடுகிற பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கக்கூடும். மாலையில் களத்துக்கு வர இயலாதவரை நாம் எங்ஙனம் அறிவோம்?

பேராசிரியப் பெருமக்கள் ஒன்று சொல்வார்கள். "பருவத் தேர்வு விரைந்து வருகிறது, பாடம் முடியவில்லை, 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். இதில் ஆட்டம் பாட்டத்துக்கு ஏது நேரம்?" நியாயமான கவலைதான். ஆனால் வாரத்தின் 30 பாடவேளைகளில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு என்று அது கணக்கு வகுத்து வைத்திருக்கிறது. தொண்டுக்குக் கணக்கு வைக்க முடிந்த நமக்குக் கலைக்கும் களத்துக்கும் வைக்க முடியாதா? "அந்த ஒரு மணி நேரத்தில் பலர் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விடுவார்களே" என்பதும் உண்மையே. நூலகத்துக்கு எல்லோரும் வருவதில்லை என்பதற்காக நூலகத்தைப் பூட்டி விடுகிறோமா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. வாரம் ஒரு பாடவேளையை, அதுவும் கடைசி வேளையாக இல்லாமல், எல்லா மன்றங்களுக்கும் பொதுவாக ஒதுக்க வேண்டும். பந்தும் வலையும் வைத்திருக்கும் அறையைக் காலையிலும் திறக்க வேண்டும். முதல் பேருந்தில் வந்து மரத்தடியில் காத்திருப்போர் ஆடட்டும். கல்லூரி அணியோடு நின்றுவிடாமல், துறைகளுக்கிடையே ஆண்டு முழுதும் போட்டிகள் நடத்த வேண்டும்.

மாணவ நண்பர்களே, பிறரை மட்டும் குறை கூறவில்லை. அந்த நாடகத்தை இயக்கியவன் நான். நானும் விடுதி மாணவன்தான். ஒத்திகையை நண்பகல் இடைவேளைக்கு மாற்றினால் என்ன என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. ஆறு மணி வரை நேரம் இருக்கும் எனக்கு, நாலேகால் மணியின் அருமை எப்படித் தெரியும்?

இம்மலரில் உள்ள குழுப் படங்களைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். நாடகக் குழுவில் நிற்பவரே பேச்சுப் போட்டிப் படத்திலும் நிற்கிறார். அவரே விழாக் குழுவிலும் அமர்ந்திருக்கிறார். அவர்கள் திறமையைக் குறைத்துக் கூறவில்லை. அடுத்த ஆண்டு மலரில், பேருந்தில் வந்து போகும் பத்துப் புதிய முகங்களாவது அவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும். அந்தப் படத்தை மட்டும் நண்பகலிலேயே எடுத்துவிடுங்கள்.